கேஜைத் தட்டிப் படிப்பவர்கள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் பெண் பயிற்சியாளர், ஒரகடம் பக்கத்தில் வடக்குப்பட்டில் இருக்கும் எங்கள் ஷெட்டுக்கு வந்து, நாங்கள் செய்த சிமுலேட்டர் கேபினில் உட்கார்ந்தார்.

2. ஓடுபாதையிலிருந்து ஏறினார். இரண்டு முறை திரும்பினார். "பரவாயில்லையே" என்றார். பின்னால் நின்ற எங்கள் முதலாளி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

3. பிறகு மேகத்தைப் போடச் சொன்னார். வெளியே எதுவும் தெரியாமல், முன்னால் உள்ள மானிகளை மட்டும் பார்த்துக் கீழே இறங்கும் பயிற்சி அது.

4. உயரமானியின் முள் ஐந்நூறு அடியைக் காட்டும்போது மேகத்தை விட்டு வெளியே வந்தார். கண்ணாடி முழுக்க மரங்கள்.

5. மோதினார்.

6. "இந்த முள்ளை நம்பி என் பசங்க கீழ வந்தா என்னங்க ஆகும்?" என்று கேட்டார்.

7. அடுத்த சனிக்கிழமை இன்னொரு முறை வருவதாகச் சொன்னார். அன்றும் முள் பொய் சொன்னால் வேறு கம்பெனியில் வாங்கிக்கொள்வாராம்.

8. அவர் கார் கிளம்பியதும் எங்கள் புரோகிராமர் அதே மேகத்தில், அதே பாதையில் இறங்கிப் பார்த்தான். உயரமானி துல்லியமாக இருந்தது. அடுத்து நான் இறங்கினேன். மரங்கள்.

எட்டாவதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். மென்பொருளில் பிழை என்றால் எல்லோருக்கும் வர வேண்டும், இல்லையென்றால் ஒருவருக்கும் வரக்கூடாது. ஆளைப் பார்த்து வருகிற பிழையை நான் அதற்குமுன் சந்தித்ததில்லை. கவலைப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது. ஆனால் எனக்குள் ஓடியது கவலை இல்லை. புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிற குழந்தைக்கு இருக்குமே, அதுபோல் ஒரு துள்ளல்.

எங்கள் கம்பெனியில் நான்கு பேர். முதலாளியை சார் என்போம். படப்பைக்காரர். கார் தொழிற்சாலைகளுக்கு டிராலி செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர், எங்கோ ஒரு கண்காட்சியில் சிமுலேட்டரைப் பார்த்துவிட்டு இதில் இறங்கினார். மென்பொருளைப் பார்த்துக்கொள்பவன் மதுரைப் பையன், என் வயதுதான். ஒயரிங் முழுவதும் ஒரு அக்கா. உள்ளூர்க்காரர். பத்து வருடம் ஒரு ஃபோன் கம்பெனியின் அசெம்பிளி லைனில் நின்றுவிட்டு வந்தவர். நான்காவது நான், சோதனைப் பொறியாளர். இதற்குமுன் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையின் காலிப்ரேஷன் லேபில் இருந்தேன். தொழிற்சாலை முழுவதிலும் உள்ள கேஜ்களை, அதாவது அளவு காட்டும் மானிகளை, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, நல்ல கேஜோடு ஒப்பிட்டு, எவ்வளவு பொய் சொல்கிறது என்று எழுதி, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவதுதான் அங்கே வேலை. நிரந்தர வேலை. அதை விட்டுவிட்டுத்தான் இங்கே வந்தேன்.

பயிற்சியாளர் வாங்கவில்லையென்றால் சார் டிராலிக்குத் திரும்பிவிடுவார். அதை அவரே சொல்லியிருந்தார், மறைக்கவில்லை. டிராலிக்கு வெல்டர் வேண்டும். புரோகிராமரும் சோதனைப் பொறியாளரும் வேண்டாம்.

எங்கள் சிமுலேட்டரில் பிழைகளுக்குப் பஞ்சமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிஜம்போல் இல்லாத விஷயங்களுக்கு நான் தனிப் பட்டியலே வைத்திருந்தேன். மழை பெய்தால் ஓடுபாதை நனையாது. இடதுபக்கம் சாய்ந்து பறந்தால் பெட்ரோல் கூடும். திரைக்காட்சியில் ஒரகடம் முழுக்கப் பச்சை வயல், நடுவே ஐரோப்பாவில் இருப்பதுபோல் சிவப்பு ஓட்டு வீடுகள். சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் ஒரு கண்டெய்னர் லாரிகூட இல்லை. தினமும் படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கி வருகிற எனக்கு அந்தக் காலிச் சாலைமேல் பறப்பது தனி சுகம்.

அக்கா முதன்முறை கேபினில் ஏறியபோது தன் வீட்டைத்தான் தேடினார்.

"இன்னாமா இது, என் வூடு இருக்கற எடத்துல காடு கீது?"

"அது பைன் மரம்க்கா."

"பைன் மரமா? வடக்குப்பட்டுலயா? ஏரியாவது இருக்குதா, அதயும் தூத்துட்டானுங்களா?"

"ஏரி இருக்குக்கா, அந்தப் பக்கம்."

"அதுல தண்ணி வேற ரொம்பி கீது பாரேன். சுத்தப் பொய்யி."

காட்சி பொய் சொல்லலாம். அதனால் யாரும் கீழே விழமாட்டார்கள். முள் சொல்லக்கூடாது.

உயரமானி வேலை செய்யும் விதம் எளிமையானது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அந்தக் குறைவை வைத்து முள் உயரத்தைக் காட்டும். தரையில் உள்ள காற்றழுத்தம் நாளுக்கு நாள் மாறும் என்பதால், அன்றைய அழுத்தத்தின் எண்ணை விமானி ஒரு திருகியால் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த எண் ஒன்று கூடினால், விமானம் இருந்த இடத்திலேயே இருந்தாலும் முள் ஏறக்குறைய முப்பது அடி ஏறிவிடும். ஏழெட்டு கூடினால் மேகத்துக்குக் கீழே மரம் காத்திருக்கும்.

உயரமானியின் முகத்தில் அந்த எண் தெரிகிற சின்ன ஜன்னல் எங்கள் கேபினில் தெரியாது. முகப்புத் தகட்டில் மானிகளுக்காக வெட்டிய வட்டங்களில் ஒன்று கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. ஜன்னல் தகட்டுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. தகடு மறுபடி வெட்டி வர வேண்டும் என்று அது என் பட்டியலில் ஏற்கெனவே இருந்தது, கடைசிப் பக்கத்தில்.

திங்களும் செவ்வாயும் இரண்டு பேரும் மாறி மாறிப் பறந்தோம். அவன் பறந்தால் சரி. நான் பறந்தால் தப்பு. இருக்கையின் உயரத்தை மாற்றினோம். அவன் வைத்த அதே வேகத்தை வைத்தேன். என் காதணி காந்தமோ என்று அதையும் கழற்றினேன். அக்கா எல்லா ஒயர்களையும் பிடுங்கித் திரும்பச் செருகினார்.

"காலிப்ரேஷன் மேடம்" என்றான் புரோகிராமர். என்னைச் சீண்ட வேண்டுமென்றால் அப்படித்தான் கூப்பிடுவான். "ஒங்களுக்குக் கைராசி இல்லங்க. ஒத்துக்கங்க."

"அந்தம்மாவுக்கும் கைராசி இல்லையா, ப்ரோ? அவங்களுக்கும்தானே மரம் வந்துச்சு?"

"ரெண்டு பேருக்கும் ஒரே ராசியா இருக்கும். மகமா, பூரமான்னு கேட்டுப் பாப்போம்."

புதன்கிழமை மதிய டீக்குப் பிறகு வேறு மாதிரி செய்து பார்க்கலாம் என்றேன். விமானம் தானாக ஏறி ஒவ்வோர் ஆயிரம் அடியிலும் நிற்கட்டும். நான் கேபினில் உட்கார்ந்து முள்ளைப் படித்துச் சொல்கிறேன். அவன் வெளியே லேப்டாப்பில், மென்பொருளுக்குள் ஓடும் எண்களைப் பார்க்கட்டும். லேபில் கேஜைச் சோதிக்கும் முறை இதுதான். ஒவ்வொரு படியாக ஏற்றிப் படிக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு படியாக இறக்கிப் படிக்க வேண்டும்.

"ஆயிரத்து முப்பது" என்று சத்தமாகச் சொன்னேன்.

"இருங்க இருங்க. இப்ப என்ன செஞ்சீங்க?"

"படிச்சேன்."

"படிச்சா எப்படிங்க காத்தழுத்தம் மாறும்? ஒண்ணு கூடிருச்சு இங்க."

"நான் ஒண்ணும் தொடலையே. திருகி அப்படியே இருக்கு."

"சரி, இன்னொருக்க படிங்க."

படித்தேன். "ஆயிரத்து அறுபது."

"மறுபடி கூடிருச்சு!" நாற்காலி பின்னால் உருளும் சத்தம் கேட்டது. அவன் கேபின் வாசலில் வந்து நின்றான். "ஏங்க, கண்ணால படிக்கிறீங்களா, இல்ல வேற எதாலயாச்சும் படிக்கிறீங்களா?"

அப்போதுதான் என் வலது கையைப் பார்த்தேன். ஆட்காட்டி விரல் உயரமானியின் வலது ஓரத்தில் இருந்தது.

லேபில் கேஜைப் படிக்கும் முன்னால் விரல் நுனியால் கண்ணாடியை மெல்லத் தட்டுவோம். உள்ளே இருக்கும் பற்சக்கரங்களின் உராய்வில் முள் கொஞ்சம் பின்தங்கி ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டினால் விடுபட்டு உண்மையான இடத்துக்கு நகரும். நகர்ந்த பிறகுதான் படிக்க வேண்டும். இரண்டு வருடம் ஒரு நாளைக்கு இத்தனை கேஜ் என்று தட்டினால், தட்டுவது நாம் செய்கிற வேலையாகவே தெரியாது, கண் சிமிட்டுவதுபோல ஆகிவிடும். இங்கேயும் தட்டியிருக்கிறேன். தட்டியதும் முள் நகர்ந்திருக்கிறது. நகரத்தானே வேண்டும் என்று நிம்மதியாகப் படித்திருக்கிறேன்.

எங்கள் மானிகள் நிஜ மானிகள் அல்ல. தகட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு திரை. இயந்திரங்களின் முகப்பில் பொருத்துகிற டச் ஸ்கிரீன். சாருக்குப் பழக்கமான கடையில் அதுதான் கிடைத்தது. தொடு வசதி எங்களுக்குத் தேவையில்லை என்பதால் அதை நாங்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் நாங்கள் எடுத்துக்கொண்ட அடிப்படை மென்பொருள் வீட்டில் மவுஸை வைத்துப் பறப்பவர்களுக்காக எழுதப்பட்டது. உயரமானியின் வலது பாதியைச் சொடுக்கினால் அழுத்த எண் ஒன்று கூடும், இடது பாதியில் குறையும். என் விரல் அதற்கு மவுஸ்.

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இரும்புக்குப் பெயின்ட் அடிக்கிற பவுடர் கோட்டிங் ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"நீ கண்ணாடிய தட்டிக்கினேதான் இருப்ப" என்றார் அக்கா. "நான் பாத்துக்கினுதான் கீறேன்."

"சொல்லியிருக்கலாம்லக்கா!"

"ரெண்டு நாளா ஒயர புடுங்கு, சொருகு, புடுங்கு, சொருகுன்னு உயிர எடுத்தீங்க ரெண்டு பேரும். இதுல உன் வெரல வேற நான் காவல் காக்கணுமா?"

அப்படியானால் பயிற்சியாளர்? சார் அன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்காக வீடியோ எடுத்திருந்தார். நான்கு பேரும் அவர் ஃபோன்மேல் குனிந்தோம். ஏறும்போது பயிற்சியாளரின் விரல் நீண்டது, ஒரு தட்டு. சமமாகப் பறக்கும்போது ஒரு தட்டு. மேகத்துக்குள் நுழைந்த பிறகு தட்டு, தட்டு, தட்டு. விமானிகளும் தட்டுவார்கள் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

"அட, அப்போ சாஃப்ட்வேர் நல்லாத்தான்பா கீது" என்றார் சார். முகத்தில் நான்கைந்து நாளுக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

"ஒரே வரி சார்" என்றான் புரோகிராமர். "டச்சை அணைச்சுட்டா முடிஞ்சது. அஞ்சு நிமிசம்."

அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடிய விடாதது நான்தான்.

"அணைச்சுட்டா சனிக்கிழமை அவங்க தட்டுவாங்க, ஒண்ணும் நடக்காது" என்றேன். "இது வெறும் படம்னு அவங்க கைக்குத் தெரிஞ்சிடும். தட்டினா முள் நகரணும் சார். முப்பது அடி இல்ல. நிஜத்துல எவ்வளவு நகருமோ அவ்வளவு."

"ஏம்மா, பாம்ப அடிச்சாச்சு. இப்ப அதுக்கு உயிர் குடுக்கணுமா?"

"ரெண்டு நாள் இருக்கு சார்."

சார் புரோகிராமரைப் பார்த்தார். வேண்டாம் என்று அவன் சொல்வான் என எதிர்பார்த்திருப்பார். அவனோ கேபினுக்குள் தலையை நீட்டி, அணைந்த திரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "முள்ளு ஒட்டணும். அப்புறம் விடணும். எவ்வளவு நேரம் ஒட்டும், எப்படி விடும்னு தெரிஞ்சா எழுதிருவேங்க" என்றான். "சரியா வரலைன்னா வெள்ளிக்கிழமை சாயங்காலம் டச்சை அணைச்சுருவோம். சரியா?"

சரி என்றார் சார். அரை மனதோடு.

ஒட்டி விடுகிற முள் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. பவுடர் கோட்டிங் ஷெட்டின் கம்ப்ரஸரில் ஒரு பழைய அழுத்த கேஜ். வியாழன் மதியம், அவர்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில், அனுமதி கேட்டு அதன் முன்னால் ஃபோனை நிறுத்திவைத்தோம். வால்வை லேசாகத் திறந்தால் காற்று மெதுவாக வெளியேறும். முள் உடனே இறங்காது. யோசிக்கும். பிறகு சட்டென்று ஒரு சின்னத் தாவல். மறுபடி நிற்கும். நின்ற இடத்தில் தட்டினால் ஒரு நடுக்கம் நடுங்கி, சரியான இடத்தில் போய் அமரும். இறக்கி இறக்கிப் படம் எடுத்தோம்.

"இன்னா மேடம்" என்று சோற்றுக் கையோடு கேட்டார் அங்கே பெயின்ட் அடிப்பவர், "கேஜுக்கு ஜாதகம் பாக்கறீங்களா?"

"நேரம் நல்லா இருக்காம்ணா" என்றேன்.

அப்போது யாரோ கம்ப்ரஸரை ஆன் செய்துவிட்டார்கள். மேடையெல்லாம் அதிர்ந்தது. முள் தாவுவதை நிறுத்திவிட்டு எண்ணெய்மேல் போவதுபோல வழுக்கிக்கொண்டு ஏறியது. தட்டினேன். நகரவில்லை. மறுபடி தட்டினேன். ஏற்கெனவே சரியான இடத்தில்தான் இருந்தது.

நானும் புரோகிராமரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். லேபில் அதிர்வு கிடையாது, அதனால் விரல் வேண்டும். விமானத்தில் இன்ஜின் இருக்கிறது. அது முழு வேகத்தில் ஓடும்வரை முகப்பு முழுவதையும் அதுவே தட்டிக்கொண்டிருக்கும். இன்ஜினைத் தணித்துச் சறுக்கிக்கொண்டு இறங்கும்போதுதான் முள் ஒட்டும். ஆக, எப்போதும் ஒட்டுகிற முள்ளை எழுதியிருந்தால் நாங்கள் இன்னொரு பொய்யைச் செய்து வைத்திருப்போம். இன்ஜின் வேகத்தோடு உராய்வைக் கட்ட வேண்டும். அவன் அங்கே நின்றபடியே உள்ளங்கையில் பேனாவால் எழுத ஆரம்பித்தான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

முள் எவ்வளவு பின்தங்கலாம் என்ற அளவை விமான உயரமானியின் கையேட்டில் உள்ள எல்லையிலிருந்து எடுத்தோம். அது நடந்துகொள்கிற விதம் மட்டும்தான் கம்ப்ரஸர் கேஜினுடையது. வெள்ளிக்கிழமை முழுவதும் நான் ஏற்றிப் படித்தேன், இறக்கிப் படித்தேன், இன்ஜினோடு, இன்ஜின் இல்லாமல். ஒரு முறை முள் நடுங்க ஆரம்பித்து நிற்காமல் பம்பரமாகச் சுற்றியது. அக்கா கைதட்டினார். சாயங்காலம் ஷிப்ட் பஸ்கள் கிளம்புகிற நேரத்தில், தொடர்ந்து ஒரு சுற்று முழுவதும் சரியாக வந்தது. டச்சை அணைக்கவில்லை. மவுஸ் வேலையை மட்டும் எடுத்துவிட்டோம்.

சனிக்கிழமை காலை பயிற்சியாளர் வந்தார். டீ வேண்டாம் என்றார். உட்கார்ந்தார், ஏறினார். ஏறும்போது தட்டினார். முள் தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. சார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், ஐந்து நிமிட வேலையோடு நிறுத்தியிருக்கலாமே என்பது இருந்தது.

மேலே போனதும் இன்ஜினைத் தணித்தார். விமானம் மூக்கைத் தாழ்த்திச் சறுக்க ஆரம்பித்தது. முள் ஒரு கோட்டில் நின்றது. தாவியது. நின்றது. அவர் கை தானாக நீண்டு தட்டியது. முள் நடுங்கி, ஒரு மயிரிழை இறங்கி அமர்ந்தது.

அவர் கை அந்தரத்திலேயே நின்றது. மறுபடி தட்டினார். இம்முறை நகரவில்லை. நகரக்கூடாது.

"அடப்பாவிங்களா" என்றார், திரும்பாமலே. "யாரு இதப் போட்டது?"

"இவங்கதான்" என்று புரோகிராமர் என்னைக் காட்டினான். நான் அவனைக் காட்டினேன்.

"போன வாரம் தட்டினப்ப மேல போச்சு. நீங்க என்னைக் கேலி பண்றீங்களோன்னு நினைச்சேன்." சிரித்துக்கொண்டே சொன்னார். "சரி, மேகத்தப் போடுங்க."

போட்டோம். வெள்ளைக்குள் போனார். ஷெட்டில் யாரும் நகரவில்லை. அறுநூறு. தட்டினார். ஐந்நூற்று ஐம்பது. தட்டினார். ஐந்நூறில் மேகம் கிழிந்தது. கீழே, இருக்க வேண்டிய தூரத்தில், அந்தப் பொய்யான பச்சை வயல்களும் சிவப்பு ஓடுகளும். நேர் முன்னால் ஓடுபாதை. நான் அதைவிட அழகான ஒரகடத்தைப் பார்த்ததில்லை.

இறங்கி நின்றதும் எழுந்துவிடுவார் என்று நினைத்தோம். எழவில்லை. மறுபடி ஏறி, வடக்கு நோக்கி ஒரு திருப்பம் திருப்பினார். இன்னொன்று. பிறகு மேலே இருந்த திசைகாட்டியைக் காட்டினார்.

"இது என்ன, ஸ்கேல் வெச்சுத் திருப்பின மாதிரி திரும்புது? நிஜத்துல திரும்பும்போது இது தப்புத்தப்பா காட்டும். முந்தும், பிந்தும், ஆடும். பசங்க அதோட பழகணும்."

"தப்பாக் காட்டணுமா?" என்று சார் கேட்டார்.

"சரியான தப்பாக் காட்டணும் சார்."

கேபினை எடுத்துக்கொள்கிறேன் என்று அதற்குப் பிறகுதான் சொன்னார். இரண்டு நிபந்தனைகள். புது மாணவர்களுக்காக முள் ஒட்டுவதை நிறுத்திவைக்க ஒரு சுவிட்ச் வேண்டும். திசைகாட்டியைச் சரிசெய்து தர வேண்டும். அது முடிந்தால் இரண்டாவது கேபினைப் பற்றிப் பேசலாம் என்றார். சார் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பயிற்சியாளரின் கார் தெருமுனை திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டினார்.

இப்போதைய நிலை இது. முதல் கேபின் பயிற்சிப் பள்ளியில் இருக்கிறது, மாணவர்கள் அதில் பறக்கிறார்கள். முகப்புத் தகடு புதிதாக வெட்டி மாற்றியாகிவிட்டது. சுவிட்சை அக்கா பொருத்திவிட்டார். இரண்டாவது கேபினுக்கு இன்னும் ஆர்டர் வரவில்லை. சார் டிராலியும் செய்கிறார். திசைகாட்டி வடக்கே திரும்பும்போது சரியாகப் பிந்துகிறது, தெற்கே திரும்பும்போது இன்னும் முந்தவில்லை. அதைத்தான் இந்த வாரம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.